பல்லும் பாலும்: பன்மொழிக் குழந்தைகளின் பாட்டு வகுப்பு குறித்துச் சில எண்ணங்கள்

மும்பையில் நம் வீட்டுக் குழந்தை ஒன்று காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும்வரை எத்தனை மொழி கேட்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். அம்மாவிடம் தமிழ். அப்பாவிடம் பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். வேலைக்கு வரும் மௌஷியிடம் மராத்தி. லிஃப்டிலும் கடையிலும் இந்தி. நர்சரியில் ஆங்கிலம். மாலையில் பூங்காவில் இவை எல்லாம் கலந்த ஒன்று; அதற்கு இலக்கணம் எழுதியவர் யாருமில்லை.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு 2014 ஜூனிலிருந்து செம்பூரில் ஞாயிறுதோறும் பாட்டு வகுப்பு நடத்தி வருகிறேன். வயது மூன்று முதல் ஆறு. கர்நாடக சங்கீதத்தில் சரளி வரிசை தொடங்குவதற்கு முந்திய பருவம் இது. கை தட்டுவோம், பாடுவோம், ஆடுவோம், கடைசியில் ஒரு தாலாட்டு. முக்கால் மணி நேரம்தான். அதற்கு மேல் உட்கார வைத்தால் அழுகைதான் மிஞ்சும். தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் பாடுகிறோம். ஆங்கிலத்தை அவர்களே கொண்டு வந்துவிடுவார்கள். பாதிக்கு மேல் தமிழ்க் குழந்தைகள். மற்றவர்கள் அக்கம்பக்கத்து மராத்தி, மலையாள, குஜராத்தி வீட்டுப் பிள்ளைகள்.

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "குழந்தைப் பாடல்களைப் பற்றி எழுதுங்களேன்" என்றார்கள். பாராட்டி எழுதுவது சுலபம். நம் குழந்தைக் கவிஞர்களைப் பாராட்ட மலர்களும் குறைவில்லை. ஆனால் ஒரு பாட்டு நல்லதா இல்லையா என்று எனக்குத் தெரிய வந்தது புத்தகத்தில் படித்து அல்ல; நாலு வயதுப் பிள்ளை அதை வாயில் போட்டு மென்றபோதுதான். அதனால் நான் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு தவறு

முதல் ஆண்டில் என் முறை இதுதான்: ஒரே மெட்டு, நாலு மொழி. எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த மெட்டு எது? நட்சத்திரத்தைப் பற்றிய அந்த ஆங்கிலப் பாட்டின் மெட்டு. அதற்குத் தமிழில் பல் விளக்கும் பாட்டு ஒன்று எழுதினேன். பக்கத்து வீட்டு அம்மாக்கள் உதவியோடு அதையே மராத்தியிலும் இந்தியிலும் மாற்றினேன். அந்த டிசம்பர் ஆண்டு விழாவில் குழந்தைகள் பெரிய பெரிய அட்டை பிரஷ்களோடு மேடையேறி நாலு மொழியிலும் பாடினார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை. சிறப்பு விருந்தினர் தேசிய ஒருமைப்பாடு பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில நாள் கழித்து, அந்தக் குழந்தைகளில் ஒருத்தி தென்காசியில் இருக்கும் தன் ஆச்சியிடம் ஃபோனில், "ஆச்சி, எனக்குப் பால் வலிக்குது" என்று சொல்லியிருக்கிறாள். பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு வலிக்கிறது போலும் என்று ஆச்சி பதறிப்போய், இரண்டு நாள் பால் கொடுக்க வேண்டாம் என்று மகளுக்கு உத்தரவு போட்டாராம். பொங்கலுக்கு மும்பை வந்தவர் நேரே வகுப்புக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா டீச்சர், நல்லாத்தான் பாடுதீய. ஆனா பிள்ளைய பாலை விளக்குதேன்னுல்லா பாடுதுவ? பல்லைத்தானே விளக்கணும்?"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த மெட்டை நினைவில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் ஆறு ஸ்வரம் சம அளவில் வரும். ஏழாவது ஸ்வரம் இரு மடங்கு நீளும். என் வரி 'பல்' என்ற சொல்லில் முடிந்தது. ஏழாவது இடத்தில் விழுந்த 'பல்', குழந்தைகள் வாயில் 'பாஆல்' ஆகிவிட்டது. அது குழந்தையின் தவறில்லை. நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள்.

தமிழ்நாட்டில் என்றால் இது பெரிய விஷயமே இல்லை. தெருவில், கடையில், பள்ளியில், பேருந்தில் 'பல்' என்ற சொல்லை அந்தக் குழந்தை ஐம்பது தடவை கேட்டுத் தானே திருத்திக்கொண்டுவிடும். இங்கே? நம் வீட்டில் 'பல் விளக்கு' என்று யார் சொல்கிறோம்? 'பிரஷ் பண்ணு' என்கிறோம். 'கை கழுவு' என்பதும் 'ஹேண்ட்வாஷ் பண்ணு' ஆகி நாளாச்சு. ஆகவே பல தமிழ்ச் சொற்களை அந்தக் குழந்தை வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்பதே பாட்டில்தான். வெளிமாநிலத்தில் வளரும் நம் குழந்தைக்குப் பாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமில்லை, அகராதியும் அதுதான். அந்த அகராதியில் நான் தப்பாக அச்சடித்துவிட்டேன்.

மாத்திரைக் கணக்கு

தமிழ் எழுத்துகளின் முதல் கணக்கே நேரக் கணக்குதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் அரை என்று தொல்காப்பியம் வகுக்கிறது. ஒரு மாத்திரை எவ்வளவு நேரம்? ஒருமுறை கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம். 'பல்' ஒன்றரை மாத்திரை, 'பால்' இரண்டரை. வித்தியாசம் ஒரே ஒரு நொடிப்பு. அந்த ஒரு நொடிப்பில் கல் கால் ஆகும், படம் பாடம் ஆகும், மடு மாடு ஆகும்.

ஆங்கிலத்தின் நடை வேறு. அது அழுத்தத்தில் நடக்கும் மொழி. அழுத்தம் விழும் அசையை இழுத்துப் பாடினால் பெரும்பாலும் சொல் கெடாது. அந்த நட்சத்திரப் பாட்டில் வரி முடியும் சொற்கள் இழுப்பதற்கென்றே அமைந்தவை போல இருப்பதும் அதனால்தான். இழுத்தால் கெடாத மொழிக்குப் பொருந்திய மெட்டில், இழுத்தால் கெடும் மொழியை உட்கார்த்தினால் என்ன ஆகும் என்பதைத்தான் ஆச்சி சொன்னார்.

இது தமிழுக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று நினைக்க வேண்டாம். இந்தியில் 'ஜல்' என்றால் தண்ணீர், 'ஜால்' என்றால் வலை. மெட்டுக்காக இழுத்தால், தண்ணீரில் நீந்தவேண்டிய மீன் வலையில் மாட்டிக்கொள்ளும். மராத்தியில் 'பள்' என்றால் வலிமை, 'பாள்' என்றால் குழந்தை. நான் மாற்றிய மராத்தி வரிகளைக் கேட்டு அங்கேயும் யாராவது ஓர் ஆஜி சிரித்திருப்பார். என்னிடம் வந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தமிழறிந்த அன்பர்கள் இங்கே ஒரு தடை எழுப்பலாம். இசையில் எழுத்துகள் தம் அளவைக் கடந்து ஒலிக்கும், ஒற்றும் நீண்டு ஒலிக்கும் என்று தொல்காப்பியத்தின் நூன்மரபே தன் கடைசிச் சூத்திரத்தில் இடம் கொடுத்திருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். கச்சேரியில் ஒரு குறிலை அரை நிமிஷம் இழுத்து ஆலாபனை செய்தாலும் நமக்குச் சொல் குழம்புவதில்லை. ஏனென்றால் அந்தச் சொல் நமக்கு முன்பே தெரியும். தெரிந்த சொல்லை எவ்வளவு இழுத்தாலும் அது அறுந்துவிடாது. தெரியாத சொல்லை முதன்முறையாகப் பாட்டிலேயே கேட்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு, இழுத்த அளவுதான் சொல்லின் அளவு. அந்த உரிமை சொல்லை அறிந்தவருக்கு உரியது.

மெட்டைக் கடன் வாங்கலாமா?

அப்படியானால் வேற்று மெட்டே கூடாதா என்றால், அப்படி நான் சொல்ல மாட்டேன். அந்த நட்சத்திரப் பாட்டின் மெட்டே ஆங்கிலேயருடையது அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் வழங்கிய மெட்டு அது. ஜேன் டெய்லர் அந்தக் கவிதையை வெளியிட்டது 1806-ல். கவிதை பின்னால் போய் மெட்டோடு சேர்ந்துகொண்டது.

நம் பக்கத்திலேயே பெரிய சான்று இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில் ஆங்கில பாண்டு வாத்தியம் கேட்டவர் என்பர். அந்த மேல்நாட்டு மெட்டுகளுக்கு அவர் செய்த சமஸ்கிருத சாகித்தியங்கள்தான் நோட்டுஸ்வரங்கள். ஏறத்தாழ நாற்பது உருப்படிகள் கிடைக்கின்றன. இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டுக்கே ஒரு தேவி துதி செய்திருக்கிறார். இன்றைக்கும் சின்னக் குழந்தைகளுக்கு இவற்றைச் சொல்லித் தருகிறோம். பாடிப் பார்த்தால் தெரியும்: ஸ்வரம் நீளும் இடங்களில் பெரும்பாலும் நெடிலோ கனத்த அசையோ வந்து உட்காருகிறது. மெட்டு வெளியூர், சொல் தன் அளவு குறையாமல் அதில் குடியேறியிருக்கிறது.

ஆகவே மெட்டு எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு, சொல் அதில் பொருந்துகிறதா என்று பார்ப்பதே சரியான அளவுகோல். இந்த அளவுகோலை வைத்து, நம் வீடுகளில் குழந்தைக்குப் போட்டுக் காட்டும் பாட்டுகளைக் கேளுங்கள். முன்பு கேசட்டிலும் சி.டி.யிலும் வந்தவை, இப்போது செல்போனில் வண்ணக் கார்ட்டூனாக வருகின்றன. நல்லவையும் உண்டு. ஆனால் பல பாட்டுகளில் ஆங்கில மெட்டு அப்படியே இருக்க, தமிழ்ச் சொற்கள் அதில் அடைக்கப்பட்டிருக்கின்றன. குறில் நீளுகிறது, நெடில் குறுகுகிறது, வல்லொற்று விழுந்துவிடுகிறது. படம் அழகாக இருப்பதால் காது ஏமாந்துபோகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டால் போதும்.

மொழிபெயர்த்தால் கரைந்துவிடும் லட்டு

என் முறையில் இன்னொரு பிழையும் இருந்தது. ஒரு பாட்டை மொழிபெயர்த்தால் அதே பாட்டு இன்னொரு மொழியில் கிடைத்துவிடும் என்று நம்பினேன். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் (1922–1989) லட்டுப் பாட்டு அந்த நம்பிக்கையை உடைத்தது.

அந்தப் பாட்டு பலருக்கும் மனப்பாடம். தட்டு நிறைய லட்டு, மொத்தம் எட்டு. அண்ணனும் தங்கையும் ஆளுக்குப் பாதி எடுத்துச் சாப்பிட, தட்டு காலியாகிறது. கதை இருக்கிறது, கணக்கு இருக்கிறது, தின்பண்டமும் இருக்கிறது. மூன்று வயதுக்கு வேறென்ன வேண்டும்? மும்பையில் லட்டு தெரியாத குழந்தையும் கிடையாது. இதைவிடச் சுலபமாக மொழிபெயர்க்கக்கூடிய பாட்டு இருக்க முடியாது என்று உட்கார்ந்தேன். இந்தியில் தட்டு 'தாலி' ஆயிற்று, எட்டு 'ஆட்' ஆயிற்று. மராத்தியில் லட்டே 'லாடூ' ஆயிற்று. கதை அப்படியே இருந்தது, பாட்டைக் காணோம். ஏனென்றால் அந்தப் பாட்டின் உயிர் 'ட்டு' என்ற அந்த ஒலியில் இருக்கிறது. அண்ணன், தங்கை பெயர்கள்கூட அந்த ஒலியில்தான் முடிகின்றன. குழந்தை லட்டுக்காகச் சிரிப்பதைவிட அந்த 'ட்டு'வுக்காகச் சிரிப்பதே அதிகம்.

இன்னொன்றையும் கவனித்தேன். இந்தியில் அந்தச் சொல் நெடிலில் முடியும், நடுவில் வரும் ஒலியும் மெலிந்து ஒலிக்கும். ஆகவே நம் பிள்ளைகளே 'லட்டூ' என்று நீட்டினார்கள். அதைத் திட்டித் திருத்தவில்லை. காலித் தட்டு ஒன்றைக் கொடுத்து, 'ட்டு' வரும்போதெல்லாம் கரண்டியால் ஒரு தட்டு தட்டச் சொன்னேன். கரண்டியின் ஓசை சட்டென்று நின்றுவிடும், நீளாது. மூன்று வாரத்தில் குற்றியலுகரம் தானாக வந்தது. மலையாளக் குழந்தைக்கும் குஜராத்திக் குழந்தைக்கும்கூட வந்தது. அவர்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. தட்டு காலியானது கண்ணுக்குத் தெரிந்தது.

ஒலி எங்கே பொருந்துகிறது என்பதிலும் மொழிக்கு மொழி வித்தியாசம் உண்டு. ஆங்கிலக் குழந்தைப் பாட்டிலும் இந்திப் பாட்டிலும் பொருத்தம் வரியின் வாலில் இருக்கும். அதனால் ஆசிரியை கடைசிச் சொல்லை விட்டுவிட்டுப் பாடினால் குழந்தைகள் இட்டு நிரப்பிவிடுவார்கள். தமிழ்ச் செய்யுளின் மரபுப் பொருத்தம் தலையில் இருக்கிறது, மோனையாகவும் எதுகையாகவும். தமிழில் பல பாட்டுகளுக்குக் கடைசிச் சொல்லை விட்டால் குழந்தை விழிக்கும். வரியின் முதற்சொல்லை விட்டுப் பாருங்கள், பிடித்துக்கொள்ளும். வள்ளியப்பா குழந்தைகளுக்காக இயைபையும் தாராளமாகக் கையாண்டார். கலந்த வகுப்பில் அவர் பாட்டு மற்றவர்கள் பாட்டைவிட விரைவாகப் பற்றிக்கொள்வதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

பாரதியும் கவிமணியும் வகுப்பறையில்

பாரதியின் பாப்பா பாட்டைப் பற்றிக் குறையாக ஒன்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. இருந்தாலும் வகுப்பறையில் கண்டதைச் சொல்ல வேண்டும். வரிக்கு வரி வரும் அந்த 'பாப்பா' என்ற விளி ஒரு வரப்பிரசாதம். 'பா' நெடில், எவ்வளவு நீட்டினாலும் கெடாது. தமிழே தெரியாத குழந்தையும் முதல் நாளே அந்த இடத்தில் சேர்ந்துகொள்ளும். ஆனால் பதினாறு கண்ணிகளையும் மூன்று வயதில் மனப்பாடம் செய்விப்பது வீண். குருவி, கோழி, காக்கை, பசு, நாய் என்று உயிரினங்கள் வரும் முற்பகுதி சின்னவர்களுக்கு. பிற்பகுதியில் வரும் நாடு, சாதி பற்றிய கருத்துகள் எட்டு வயதுக்கு. மேடையில் முழுப்பாட்டையும் ஒப்பிக்கும் குழந்தைக்குக் கைதட்டுகிறோம். இறங்கி வந்ததும் 'அது என்ன குருவி?' என்று கேட்டுப் பாருங்கள். அங்கே நம் வேலை மிச்சமிருப்பது தெரியும்.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் (1876–1954) பசு–கன்றுப் பாட்டு வேறு வகை. ஒரே காட்சி, சின்னச் சின்ன வரி, உபதேசம் கிடையாது. பசு நக்குகிறது, கன்று பால் குடிக்கிறது. ஒரு குழந்தை பசுவாகவும் ஒரு குழந்தை கன்றாகவும் ஆனால் போதும், பொருள் விளங்கிவிடும். பல்லுக்கும் பாலுக்கும் நான் செய்த குழப்பத்தை இந்தப் பாட்டைக் கொண்டுதான் சரி செய்தேன். இதில் பால் பாலாகவே இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முந்தியது தாய்மார்கள் பாட்டு. எழுதத் தெரியாதவர்கள் பாடியது என்று நாம் லேசாக நினைக்கிறோம். தாலாட்டில் வரும் 'ஆராரோ' என்பதை எழுத்தெண்ணிப் பாருங்கள். மூன்றும் நெடில். தூளியின் வேகத்துக்கு ஏற்ப எவ்வளவு நீட்டினாலும் சேதமில்லை. கைகொட்டும் பாட்டுகளில் வருவதோ குறிலும் வல்லொற்றும்: தட்டு, கொட்டு, சுற்று. ஆட்டுவதற்கு நெடில், கொட்டுவதற்குக் குறில். இலக்கணம் படிக்காமலே இந்தப் பங்கீட்டைச் செய்துவைத்திருக்கிறார்கள். இலக்கணம் படித்த நான் அதைக் கோட்டைவிட்டேன்.

ஒரே நிலாவுக்கு மூன்று பாட்டு

ஆச்சி வந்துபோன பிறகு முறையை மாற்றினேன். ஒரு பாட்டை மூன்று மொழியில் பாடுவதை விட்டேன். ஒரு பொருளுக்கு மூன்று மொழியிலும் ஏற்கெனவே இருக்கும் பாட்டைத் தேட ஆரம்பித்தேன்.

நிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியிலும் மராத்தியிலும் நிலா, குழந்தைக்குத் தாய்மாமன். தமிழில் குழந்தையோடு விளையாட வரச்சொல்லி நிலாவை அழைப்பது பிள்ளைத்தமிழில் ஒரு பருவமாகவே இருக்கிறது. மூன்று மொழிக் குழந்தையும் ஜன்னல் வழியே ஒரே நிலாவைத்தான் பார்க்கிறது; கூப்பிடும் முறை வேறு, மெட்டு வேறு. மூன்றையும் அடுத்தடுத்துப் பாடினால், மொழிபெயர்ப்பே இல்லாமல் குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது.

மழையும் அப்படியே. நர்சரியில் கற்கும் ஆங்கிலப் பாட்டு மழையைப் போகச் சொல்லும். மராத்திப் பாட்டோ மழையை வா வா என்று கூப்பிட்டு, காசு தருவதாக ஆசை காட்டும். கடைசியில் அந்தக் காசு செல்லாக்காசாகிவிடும், மழை மட்டும் கொட்டித் தீர்க்கும். வெயிலில் காய்ந்து ஜூன் மாத மேகத்துக்குக் காத்திருக்கும் ஊரில் எந்தப் பாட்டு உண்மை? இவற்றை மராத்தியில் 'படபட் கீதே' என்கிறார்கள். பிதற்றல் பாட்டுகள் என்று பொருள். அர்த்தம் கால் பங்கு, ஓசை முக்கால் பங்கு. இந்த மண்ணில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இவையும் சொந்தம்தான்.

மொழிகளுக்கு நடுவே பாலம் சொல்லில் இல்லை, உடம்பில் இருக்கிறது என்பதே நான் கண்டுகொண்டது. புதிதாகக் கண்டதென்று பெருமைப்பட ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் பாடினார். பிள்ளைத்தமிழின் பருவங்களைப் பாருங்கள்: தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதம், நாவசைத்துத் தாலாட்டுக் கேட்கும் தால் ஏழாம் மாதம், கை கொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம், பின்னர் தளர்நடையிட்டு வரும் வருகை. இன்று குழந்தை மருத்துவர் கார்டில் குறிக்கும் வளர்ச்சிப் படிகளைப் போலவே இல்லையா? சப்பாணிக்கு மொழி எல்லை கிடையாது. எந்தக் குழந்தையானாலும் கை ஒரே மாதிரிதான் தட்டுகிறது.

2020, 2021 கொரோனா ஆண்டுகளில் வகுப்பை வீடியோ அழைப்பில் நடத்திப் பார்த்தேன். ஒலி ஒரு கணம் பிந்தி வரும். பத்துக் குழந்தை கை தட்டினால் பத்துத் தாளம் கேட்கும். சொற்கள் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தன. ஆனால் பாட்டு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. சேர்ந்து தட்டுவது போனால் மற்றதெல்லாம் போய்விடுகிறது என்பதை அப்போது தெரிந்துகொண்டேன்.

இரண்டு கேள்விகள்

பெற்றோர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்பதுண்டு. முதலாவது: "தமிழ் சொல்லித் தரத்தானே அனுப்பறோம், அங்க எதுக்கு மேடம் மராத்தி?"

நம் சங்கீதத்தை நினைத்துப் பாருங்கள் என்பேன். கர்நாடக சங்கீதம் கற்கும் தமிழ்க் குழந்தை முதலில் பாடும் மலஹரி கீதங்கள் கன்னடத்தில் பாடிய புரந்தரதாசர் மரபில் வந்தவை. பிறகு தெலுங்கு, சமஸ்கிருதம். பிறமொழிப் பாட்டு நம் பிள்ளைக்கு என்றும் புதிதில்லை. அதில் தமிழுக்கு இடம் சுருங்கிப்போனபோதுதான் 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. 1943-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முயற்சியில் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. அந்த வரலாறு எனக்கு இரண்டையும் சொல்கிறது. பல மொழியில் பாடுவதால் தமிழ் அழிந்துவிடாது. தமிழுக்கென்று ஓர் இடம் ஒதுக்காவிட்டால் கண்டிப்பாகச் சுருங்கும். ஆகவே என் வகுப்பு தமிழ்ப் பாட்டில் தொடங்கித் தமிழ்த் தாலாட்டில் முடியும். நடுவில் மற்றவை வரும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இரண்டாவது கேள்வி கடினமானது: "இத்தனை மொழியால குழந்தை குழம்பிடாதா?" மகாராஷ்டிரத்தில் 2025-ல் முதல் வகுப்பிலிருந்தே மூன்றாம் மொழி என்று ஆணை வந்தது, பெரும் எதிர்ப்புக்குப் பின் அந்த ஜூன் மாதமே திரும்பப் பெறப்பட்டது. அப்போது எல்லா வீட்டிலும் இதே பேச்சு. என் அனுபவத்தில், மொழியின் எண்ணிக்கையால் குழந்தை குழம்புவதில்லை. பாடப் புத்தகமும் பரீட்சையும் வேறு. நிலாவும் லட்டும் வேறு. ஒரு மொழியை இன்னொன்றின் சட்டைக்குள் திணிக்கும்போது குழம்புகிறது. ஒவ்வொன்றும் தன் நடையில், தன் விளையாட்டோடு வந்தால் பிரித்து வைத்துக்கொள்கிறது. யாரிடம் எந்த மொழி என்று என் வகுப்புக் குழந்தைகள் ஒருநாளும் தவறியதில்லை. என்னிடம் தமிழ், காவலாளி மாமாவிடம் இந்தி.

நம் பக்கத்திலேயே இதற்கு முன்னோடி உண்டு. தாராபாய் மோடக் (1892–1973) மும்பைக்கு வடக்கே போர்டியிலும் பிறகு கோஸ்பாடிலும் வார்லி ஆதிவாசிக் குழந்தைகளுக்காகப் பால்வாடி நடத்தினார். குழந்தைகள் பள்ளிக்கு வராதபோது பள்ளியை அவர்கள் முற்றத்துக்கே கொண்டுபோனார். அதுதான் அங்கணவாடி. நம் பிள்ளைகள் தமிழிடம் வரவில்லை என்று வருத்தப்படுகிறோம். தமிழை அவர்கள் முற்றத்துக்கு, அவர்கள் விளையாடும் இடத்துக்கு, மற்ற மொழிகள் இருக்கும் அந்த இடத்துக்கே கொண்டுபோக வேண்டியது நம் பொறுப்பு.

முடிவாக

என் வகுப்பு பெரிய சாதனை எதுவும் செய்துவிடவில்லை. ஆறு வயதானதும் குழந்தைகள் ட்யூஷனுக்கும் கராத்தேக்கும் போய்விடுகிறார்கள். முக்கால் மணி நேரத்தில் ஒரு மொழியைக் காப்பாற்ற முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

அதனால் அன்பர்களிடம் சிறு வேண்டுகோள்கள். ஆண்டு விழாவில் 'ஒரு பாட்டு, நாலு மொழி' நிகழ்ச்சியை நிறுத்திவிடுவோம். நாலு மொழியின் நாலு நல்ல பாட்டுகளை அதனதன் மெட்டில் பாட வைப்போம். குழந்தைப் பாட்டு எழுதுபவர்கள் எழுதியதும் கை நொடித்துப் பாடிப் பார்க்கட்டும்; மெட்டு நீளும் இடத்தில் குறில் இருந்தால் சொல்லை மாற்றட்டும். ஊரிலிருந்து ஆச்சியோ அப்பத்தாவோ வந்தால், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவர மட்டும் அவர்களை அனுப்பாமல், அவர்களுக்குத் தெரிந்த பாட்டைச் செல்போனில் பதிவு செய்து வையுங்கள். மெட்டு எழுத்தில் நிற்காது.

அந்தத் தென்காசி ஆச்சியின் பேத்தி இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். சென்ற முறை பார்த்தபோது பல்லில் கம்பி கட்டியிருந்தாள். "டீச்சர், பல் ரொம்ப வலிக்குது" என்றாள். மாத்திரை சரியாக இருந்தது. அதற்கு என் வகுப்பு காரணமா, அந்தப் பொங்கலுக்கு வந்து ஒரு மாதம் தங்கிப்போன ஆச்சி காரணமா என்று கேட்டால், ஆச்சிதான் என்பேன்.